கூண்டு வச்ச பதினோரு நாள்

அந்தப் பிளாஸ்க்கை மடியில வச்சுக்கிடுங்க அண்ணாச்சி. கீழ வச்சா வளைவுல உருண்டு டிரைவர் காலுக்குப் போயிரும். போன வாரம் ஒரு அம்மா கஞ்சியை இப்படித்தான் கொட்டிட்டு பத்தமடை வரைக்கும் அழுதுட்டு வந்துச்சு. பெரியாஸ்பத்திரிக்குத்தான போறிய? பிளாஸ்க்கு, தட்டு, பாயி, வாளி எல்லாம் ஒரே மூட்டையா இருக்கே, பாத்தாலே தெரியுது. யாரு, அம்மாவா? இடுப்பு எலும்பா? சரியாயிரும். இப்பல்லாம் கம்பி வச்சு நடக்க விட்டுருதாவ.

நானும் அங்கதான். என் தங்கச்சி மாப்பிள்ளை படுத்திருக்கான். அம்பது நாளு ஆவப் போவுது. டிக்கெட்டு மட்டும் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் எடுத்திருக்கேன். அது கைப்பழக்கத்துல எடுத்தது. அதை விடுங்க.

பேப்பர்ல பாத்திருப்பிய. கரடி தாக்கி வாச்சர் படுகாயம்னு போட்டிருந்தான். பெறகு ஒரு நாளு ஒரு போட்டோவும் வந்துச்சு, ஒரு ஆளு பொன்னாடை போட்டுட்டு நிப்பான். அது நான்தான். சிரிச்ச மாதிரி இருக்கும் பாத்துக்கிடுங்க. சிரிக்கல. மொகத்துல வெயிலு அடிச்சுது.

எல்லாம் அனுபவம் பத்தாததால வந்தது அண்ணாச்சி. நாயகம் கரடிக்குப் புதுசு. கோமதிநாயகம்னு பேரு. நானும் அவனும் ஒரே வயசு, ஒரே பெஞ்சுல இருந்து படிச்சோம், அதனால அவன் இவன்னு பேசுதேன். நேருல மாப்ளன்னுதான் கூப்பிடுவேன், மரியாதை குடுத்துத்தான் பேசுவேன். என் தங்கச்சி வடிவைக் கட்டிக்கிட்டவன்லா. ரெண்டு பேருக்குமே காட்டு ஆபீசுல வாச்சர் வேலை. டெம்ப்ரவரிதான். நான் இருவத்தி நாலு வருசம், அவன் ஒம்பது வருசம்.

எங்க ஊரு மலையடிவாரத்துல இருக்கு. பனையடியூர்னு சொன்னா உங்களுக்குத் தெரியாது. மாசி மாசம் போல ஒரு கரடி எறங்க ஆரம்பிச்சுட்டு. அம்மன் கோயில்ல தெனமும் வெளக்குல இருக்க எண்ணெயைக் குடிச்சிட்டுப் போயிரும். பெறகு பள்ளிக்கூடத்துச் சமையல்கட்டு ஓட்டைப் பிரிச்சு எறங்கி, எண்ணெ டின்னைக் கடிச்சு வச்சுட்டுப் போயிட்டு. பிள்ளையளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப மாட்டோம்னு ஊர்ல எல்லாரும் ரோட்டுல உக்காந்துட்டாவ. அதுக்கு மேலதான் கூண்டு வந்துச்சு, லாரியில.

ரேஞ்சர் ஐயா என்னையக் கூப்பிட்டாவ. "ஆவுடை, கூண்டு உன் பொறுப்பு"ன்னாவ. ஏன் என்னையச் சொன்னாவ? நான் கொரங்கு புடிச்ச ஆளு. இந்தச் சுத்து வட்டாரத்துல நான் புடிக்காத கொரங்கு கெடையாது. பாம்பு சொல்லவே வேண்டாம். கொரங்கு புடிச்சவனுக்குக் கரடி என்ன பெரிய விசயமான்னு நெனச்சேன். கூட ஆளு வேணும்னதும் நாயகத்தைக் கேட்டு வாங்கிக்கிட்டேன். சொந்தக்காரன், சொன்ன சொல்லுக் கேப்பான்.

அவன்கிட்ட ஒரே ஒரு கொறைதான். பேச்சு. வாயி ஓயவே ஓயாது. காட்டுல நடந்து போறப்பவும் பேசிக்கிட்டேதான் வருவான். மரத்தைப் பாத்தா மரத்தைப் பத்திப் பேசுவான். ஒண்ணும் இல்லன்னா வடிவு வச்ச கொழம்பைப் பத்திப் பேசுவான். எனக்குச் சலிப்பா வரும்.

கூண்டு வைக்கதுக்கு முந்துன நாளு ஆபீசுல ஒரு கிளாஸ் வச்சாவ. வெளியூர்ல இருந்து ஒரு டாக்டர் வந்து கரடியைப் பத்திப் பேசினாரு. நாயகம் நோட்டு வாங்கிட்டு வந்து முன் பெஞ்சுல உக்காந்து எழுதுதான். அம்பது வயசுக்கு மேல நோட்டு! நான் வெளிய வந்து டீ குடிச்சிட்டு நின்னேன். காட்டுல கெடந்தவனுக்குப் போர்டுல எழுதிக் காட்டி என்னத்தை வெளங்கப் போவுது?

மொத நாளு கூண்டை ஓடைக்கரையில உண்ணிச்செடிப் புதருக்குப் பக்கத்துல எறக்கினோம். அந்தக் கூண்டுக்கு மேல இருந்து விழுத கதவு. உள்ள தீனியை இழுத்தா கொக்கி விட்டுக் கதவு தடால்னு எறங்கும். ஆனா கம்பி துருப்புடிச்சுக் கெடக்கு, கதவு பாதியில நின்னுருது. கிரீஸ் போட்டா வாடையில கரடி வராது. அதனால நான் நல்லெண்ணெய எடுத்துத் தாராளமாப் பூசி விட்டேன். கதவு வழுக்கிக்கிட்டு எறங்குது. நாயகம் பாத்துட்டு, "மச்சான், அது கோயில்ல எண்ணெ குடிக்க வார கரடி. நீங்க எண்ணெயக் கொண்டு போயி வாசல்ல பூசுதியளே"ன்னான்.

"நீரு சும்மா இரும் மாப்ள"ன்னேன்.

மறுநாக் காலையில போயிப் பாக்கோம், கதவுக் கம்பி ரெண்டும் வெளக்கி வச்ச பாத்திரம் மாதிரி பளபளன்னு இருக்கு. ராத்திரி முழுக்க வெளிய நின்னே நக்கியிருக்கு. உள்ள காலு வைக்கல. ஊருக்காரனுவ சிரிச்சானுவ. அவன் எண்ணெ பூச வேண்டாம்னு கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கலாம்லா? ஒரு தடவ சொல்லிட்டு விட்டுட்டான். புதுசுல்லா, அழுத்திச் சொல்லத் தெரியல.

பெறகு பலாப்பழம் வச்சேன். கூண்டுச் சுவரு ஓரமா வச்சுட்டேன். கொரங்குக்கு அப்படித்தான் வைக்கது. கரடி வெளிய நின்னு கம்பி வழியாக் கையை விட்டு, நகத்தால இழுத்து இழுத்துத் தின்னுட்டுப் போயிட்டு. கொட்டையும் சக்கையும் வெளிய கெடக்கு. நடுவுல வைக்கணும்னு அன்னைக்குத்தான் படிச்சேன். அதுக்குப் பெறகு கருப்பட்டியைத் தட்டி, பழுத்துக் கொழகொழத்த பலாச்சுளையோட, தேனு விட்டுப் பெசஞ்சு உருண்டை வைக்க ஆரம்பிச்சோம். பெசயதெல்லாம் நான். தெனமும் பெசஞ்சிட்டுக் கையைத் தொடைக்கணும்லா? அவன் தோளுல ஒரு துண்டு போட்டிருப்பான், அதுல தொடைச்சுக்கிடுவேன். அவனே நீட்டுவான். சொந்தத்துக்குள்ள அதெல்லாம் என்ன? எல்லாம் ஒரு உரிமைதான்.

இது சேரன்மகாதேவி. ஆளு ஏறும், கொஞ்சம் தள்ளி உக்காருங்க. பிளாஸ்க்கைப் புடிச்சுக்கிடுங்க.

என்ன சொல்லிக்கிட்டிருந்தேன்? ஆங், ஏழாவது நாளு. ஓடை மணல்ல தடம் கெடந்துச்சு. பெரிய தடம் ஒண்ணு. பக்கத்துலயே சின்னதா, பிள்ளை உள்ளங்கை அளவுக்கு ஒண்ணு. நாயகம் குத்த வச்சு உக்காந்து பாத்துட்டு, "மச்சான், இது குட்டி மாதிரில்லா இருக்கு"ன்னான். நான் கெட்டியாச் சொல்லிட்டேன், கரடிக்கு முன்னங்காலு சின்னது, பின்னங்காலுதான் மனுசக் காலு மாதிரி பெருசு, ரெண்டும் ஒரே கரடிதான்னு. முன்னங்காலு சின்னதுங்கது உள்ளதுதான். நான் ஒண்ணும் இல்லாததைச் சொல்லல. ஆனா அம்புட்டுச் சின்னதா இருக்காதுன்னு எனக்குப் பெறகுதான் தெரியும்.

அவன் கேக்கல. "ஐயாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிருவோமா மச்சான்? குட்டி இருந்தா வேற மாதிரி பாக்கணும்னு டாக்டர் சொன்னாரு"ன்னான். எனக்குச் சுருக்குன்னு வந்துட்டு. ஏழு நாளா ஊர்ல அவனவன் என்னையப் பாத்து எண்ணெக்கடைன்னு கூப்பிடுதான். இவன் வேற நோட்டைத் தூக்கிட்டு வாரான். "எனக்கு வகுப்பெடுக்க வேண்டாம் மாப்ள. நீரு வாயை மூடிட்டு வந்தாலே கரடி விழுந்துரும். உம்ம பேச்சுச் சத்தத்துலதான் அது ஒதுங்கி ஒதுங்கிப் போவுது"ன்னேன்.

மொகம் சுருங்கிப் போச்சு அவனுக்கு. அன்னைல இருந்து பேசல. நாலு நாளு அண்ணாச்சி, ஒரு வார்த்தை பேசல. கோவமா இருக்கான்னு நெனச்சேன். கோவம் இல்ல. நான் சொன்னேன்லா, அதனால பேசல. காட்டுல நடக்கப்போ எங்க காலு சருகுல படுத சத்தம் மட்டும்தான். எனக்கு நிம்மதியாத்தான் இருந்துச்சுன்னு வைங்க. வேட்டைன்னா இப்படித்தான் இருக்கணும்னு நெனச்சேன்.

பதினோராவது நாளு. விடிஞ்சு நல்ல வெளிச்சம் வந்துட்டு. ஓடை திரும்புத எடத்துல நின்னு பாக்கோம், கதவு விழுந்து கெடக்கு. உள்ள ஏதோ கருப்பா அசையுது, மொனங்குது. நாயகம் அப்படியே நின்னுட்டான். என் கையைப் புடிச்சான். ஏதோ சொல்ல வாயைத் தொறந்தான். நான் உதட்டுல வெரலை வச்சுக் காமிச்சேன். வாயை மூடிக்கிட்டான்.

சத்தமே இல்லாம கூண்டுக்கிட்ட போனோம். பூனை மாதிரி போனோம்னு வைங்க. மேல இருந்து பாத்தாத் தெரியும்னு நான் கூண்டு மேல ஏறினேன். அவன் கீழ கதவுக்குப் பக்கத்துல நின்னான், தோளுல துண்டோட. நான் கூண்டு மேல அடிச்சிருந்த பலகைச் சந்து வழியா உள்ள எட்டிப் பாக்கேன். குட்டி. நாயி அளவு இருக்கும். என்னைய நிமிந்து பாத்துட்டு ஒரு சத்தம் போட்டுச்சு பாருங்க.

தாயி புதருக்குள்ளதான் படுத்திருக்கு. பத்தடி இருக்கும். நாங்க வந்ததே அதுக்குத் தெரியாது. சத்தமில்லாம வந்தோம்லா.

எந்திரிச்சு வந்துச்சு. கரடின்னா மெதுவா ஆடி ஆடி வரும்னு நெனப்போம். அப்படி இல்ல. நாயகம் அதைப் பாத்ததும் குனிஞ்சான். முட்டி போட்டுக் கவுந்து படுக்கப் போனான், கையி ரெண்டும் கழுத்துக்குப் போயிட்டு. பெறகு என்னமோ, படுக்காம நிமிந்து எந்திரிச்சு ஓடினான். ஓடக் கூடாது அண்ணாச்சி. கரடிகிட்ட ஓடவே கூடாது. மனுசனால அதை முந்த முடியாது. ஓடினா மொகத்தைத்தான் புடிக்கும். கிளாஸ்ல படிச்சவன், நோட்டுல எழுதினவன், ஓடிட்டான். புதுசுல்லா.

ஏன் ஓடினான்னு ரேஞ்சர் ஐயாவும் கேட்டாவ. பதட்டத்துல ஓடிட்டான்னு சொன்னேன்.

ஒரு சத்தம் வந்துச்சு அண்ணாச்சி. ஓடு மாப்ள, ஓடுன்னு. மேல இருந்து வந்துச்சு. காட்டுல அந்நேரத்துக்கு ஒரு சத்தம் கேட்டா யாருக்குமே காலு ஓடத்தான் செய்யும். யாரு சத்தம்னா, அங்க நாங்க ரெண்டு பேருதான இருந்தோம். என் சத்தம்தான். எனக்கு எப்படித் தெரியும்? நான் கிளாஸ்லயா இருந்தேன்? டீக்கடையில நின்னேன்.

தாயி அவனைப் புடிச்சு அமுக்கிட்டு. ஒரு வெத்தலை போட்டு மென்னு துப்புத நேரம் இருக்கும். நான் மேல உக்காந்திருக்கேன். கதவைத் தூக்குத சங்கிலி என் காலுகிட்டயே கெடக்கு. அதைத் தூக்கினா குட்டி வெளிய வந்துரும், குட்டி வந்துட்டா தாயி போயிரும். எனக்குத் தெரியும். கையி எழும்ப மாட்டேங்குது. ஏன்னு இப்பக் கேட்டாலும் சொல்லத் தெரியல. பெறகு தூக்கினேன். குட்டி வெளிய ஓடிச்சு, தாயி விட்டுட்டு அது பின்னாலயே போயிட்டு. அவ்வளவுதான். அந்தக் கரடி அதுக்குப் பெறகு ஊருப் பக்கம் வரவே இல்ல.

அதுக்குத்தான் பொன்னாடை. சமயத்துல புத்தியோட கதவைத் தூக்கி, கூட வந்தவன் உசுரைக் காப்பாத்தினேன்னு ஊர்ல கூட்டம் போட்டுப் பேசினாவ. எண்ணெக்கடைன்னு கூப்பிட்டவன்தான் மொதல்ல கையைத் தட்டினான். வடிவு ஆஸ்பத்திரியில இருந்து போனு போட்டு அழுதா. "அண்ணே, நீ இல்லாட்டா நான் இன்னைக்குத் தாலி அத்துப் போயி நின்னுருப்பேன்"னா. டவர் கெடைக்கலன்னு வச்சுட்டேன்.

ஒரு கண்ணு போயிட்டு. தாடை எலும்பு நொறுங்கிட்டு. கம்பி போட்டுப் பல்லோட பல்லைச் சேத்துக் கட்டி வச்சிருக்காவ. கொழலு வழியா கஞ்சி. பேச முடியாது. இன்னும் மூணு மாசம் ஆவும்னு சொல்லுதாவ, அதுக்குப் பெறகும் முன்ன மாதிரி வார்த்தை வருமா வராதான்னு சொல்லத் தெரியலயாம். பேசிக்கிட்டே கெடந்த மனுசன் அண்ணாச்சி. நான்தான வாயை மூடுன்னு சொன்னேன்.

அவன் நோட்டு இப்ப எங்கிட்ட இருக்கு. பையில இருந்துச்சு, வடிவுகிட்டக் குடுக்கலாம்னு எடுத்தேன், குடுக்கல. தெனமும் படிக்கேன். மணிமணியான எழுத்து. போகும்போது பேசிக்கொண்டே போகவும், இருமவும், கை தட்டவும், சத்தம் கேட்டால் கரடி தானே விலகும்னு எழுதியிருக்கான். குட்டி விழுந்தால் கூண்டை நெருங்கக் கூடாது, ஆபீசுக்குச் சொல்லவும்னு இருக்கு. கரடி பாய்ந்தால் கவிழ்ந்து படுத்துக் கழுத்தைக் கையால் மூடவும்னு இருக்கு. ஓடக் கூடாதுன்னு ரெண்டு தடவ எழுதியிருக்கான். இன்னொண்ணும் இருக்கு. தேன், கருப்பட்டி பட்ட துணியோடு காட்டுக்குள் போகக் கூடாது. அதுக்குக் கீழ கோடு போட்டிருக்கான். கோடு போட்டு வச்சுட்டு, தெனமும் எனக்குத் துண்டை நீட்டினான். மச்சான் கை தொடைக்கக் கேக்காரே, மாட்டேன்னா மொகம் கோணுமேன்னு நீட்டியிருக்கான். ஒரு தடவ மாட்டேன்னு சொல்லியிருக்கக் கூடாதா? சொல்லுங்க.

அவன் புதுசுன்னு இம்புட்டு நேரமும் சொல்லிக்கிட்டு வந்தேன்லா. அவன் புதுசு இல்ல அண்ணாச்சி. அவனுக்கு எல்லாம் தெரிஞ்சிருந்துச்சு.

கண்ணு முழிச்சு மூணா நாளு பேப்பரும் பேனாவும் குடுத்தாவளாம். மொதல்ல என்ன எழுதினான் தெரியுமா? தண்ணி கேக்கல, கண்ணு என்னாச்சுன்னு கேக்கல. மச்சானுக்கு ஒண்ணும் ஆகலையேன்னு எழுதினானாம். வடிவு போனுல படிச்சுக் காமிச்சா. "உம் மேல அவருக்கு எம்புட்டுப் பாசம் பாரு, ஒரு தடவ வந்துட்டுப் போண்ணே"ன்னா. அவன் கோவமா நாலு வார்த்தை எழுதியிருந்தா நான் மறுநாளே போயி நின்னுருப்பேன். கால்ல விழுந்துகூடக் கெடந்திருப்பேன். இப்படி எழுதினவன் மொகத்தை நான் எப்படிப் பாக்க? பாக்கதுக்கு மொகம் எங்க இருக்கு?

ஒம்பது தடவ இந்த வண்டியில வந்துட்டேன். ஒவ்வொரு தடவையும் ஸ்டாப் வரும். எறங்க முடியல. பஸ் ஸ்டாண்டுல போயி எறங்கி, டீயைக் குடிச்சிட்டு, அடுத்த வண்டியில ஊருக்குப் போயிருதேன். ஊர்ல கேட்டா, பாத்தேன், தேவலைன்னு சொல்லுதேன். வடிவுகிட்ட டூட்டின்னு சொல்லுதேன். ரெண்டு பொய்யும் ஒண்ணை ஒண்ணு பாத்துக்கிடாம இருக்கணும். அலுத்துப் போச்சு அண்ணாச்சி. கரடி என்னையப் புடிச்சிருந்தா இந்த அலுப்பு இருந்திருக்காது.

இந்தா, பெரியாஸ்பத்திரி மதிலு தெரியுது பாருங்க. வாளியை நான் எடுத்துத் தாரேன். ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும், இந்தப் பையைக் கொண்டு போயிக் குடுத்துருவியளா? அம்மா படுத்திருக்க கட்டடத்துலயேதான், மாடியில மொகத்து ஆபரேசன் வார்டு. கோமதிநாயகம்னு கேட்டா எல்லாருக்கும் தெரியும். உள்ள ஒண்ணும் இல்ல, ஒரு துண்டு. புதுசு. மூணு தடவ அலசிக் காய வச்சிருக்கேன், ஒரு வாடையும் இருக்கக் கூடாதுன்னு. அதுக்கு அடியில அவன் நோட்டு இருக்கு. யாரு குடுத்தான்னு எழுதிக் கேப்பான். நான்தான் குடுத்தேன்னே சொல்லுங்க. ஓடச் சொன்னது நான்தான்னு வடிவுக்கு நோட்டுல கடைசிப் பக்கத்துல எழுதி வச்சிருக்கேன். அதை நீங்க சொல்ல வேண்டாம், அவளே பாத்துக்கிடட்டும்.

இல்ல, நான் எறங்கல. இன்னைக்கு முடியாது. கண்டக்டர் விசில் அடிக்கப் போறான், எறங்குங்க.

அண்ணாச்சி, ஒரு நிமிசம். வார்டுக்குள்ள சத்தமில்லாமப் போயிராதிய. திடீர்னு ஆளு பக்கத்துல வந்து நின்னா ஒடம்பு நடுங்கிருதாம் அவனுக்கு. வாசல்லயே நின்னு லேசா இருமிட்டு, ஏதாச்சும் பேசிக்கிட்டே உள்ள போங்க.